மக்கிய மரத்தில் பிறந்த ஈ

போன ஐப்பசியில் கம்பத்தில் மகள் வீட்டில் இருந்தேன். மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஒரு தோப்பு உண்டு. அங்கே விழுந்து மக்கிக் கிடந்த மாமரத்தில் ஒரு துண்டை எடுத்து வந்தேன். (காட்டுக்குள் கிடப்பதை எடுக்கக் கூடாது, அது சட்டம்.) வாய் அகன்ற ஊறுகாய்ப் பாட்டிலில் அதைப் போட்டு, பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டினேன். மரம் காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. தினமும் லேசாகத் தெளித்து வந்தேன்.

பதினெட்டாம் நாள் காலையில் துணிக்கு அடியில் நாலைந்து சின்ன ஈக்கள்.

"என்னப்பா, வீட்டுக்குள்ளயே கொசு வளர்க்கிறீங்க? டெங்கு வந்தா?" என்றாள் மகள். பார்த்த பார்வையிலேயே, "இது கொசு இல்லம்மா, பூஞ்சை ஈ" என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு விடாமல் சீட்டிலும் எழுதி ஒட்டினேன்.

மாலையில் பேரன் லென்ஸ் வைத்துப் பார்த்தான். "தாத்தா, இது முதுகில 'வி' எழுத்து மாதிரி ஒரு கோடு இருக்கே?"

வாங்கிப் பார்த்தேன். கடிக்கும் ஊசிவாய் இல்லை, இறக்கையில் செதில் இல்லை. கொசு இல்லை என்பது சரிதான். ஆனால் முதுகில் அந்தக் கோடு, ஒடிந்துவிடும் போல நீண்ட கால்கள். இது பூஞ்சை ஈயே அல்ல. டிப்புலிடே குடும்பத்து நீள்கால் ஈ. இதன் புழுக்களில் பல மக்கிய மரத்தில்தான் வளரும். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த மொழியில் கொசுவுக்கும் இதற்கும் 'கூஸேன்' என்று ஒரே பெயர்தான் வழங்கும். அந்தச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்றும் பொருள் உண்டு!

எங்கள் காரைக்கால் பக்கம் குரும்பகரத்துக்காரர் சூசை நாதன். தென்னிந்திய மலைகளில் பூச்சி சேகரித்து வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியவர். இந்த நீள்கால் ஈக்கள் அவரிடமிருந்து அமெரிக்காவில் சார்லஸ் அலெக்சாண்டருக்குப் போயின. 1889 முதல் 1981 வரை வாழ்ந்த அந்த மனிதர் 11,000-க்கும் மேற்பட்ட வகைகளுக்குப் பெயர் வைத்தவர். 'நாதனி' என்று நம் ஊர்க்காரர் பெயரைத் தாங்கிய பூச்சிகள் பல உண்டு. நாதன் சீட்டில் எழுதியது இடம், உயரம், மாதம், தன் பெயர். அது பிழையில்லாமல் இருந்தால் போதும். பூச்சியின் பெயரை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வலையில் பிடித்த ஈ எங்கே பறந்தது என்பதைத்தான் சொல்லும். பாட்டிலில் வளர்ந்த ஈ எந்த மரத்தில் பிறந்தது என்றும் சொல்லும். அந்தச் சீட்டில் நானே ஊகத்தை எழுதி வைத்திருந்தேன்.

முப்பது வருஷம் கோப்பு பார்த்த கை. 'பூஞ்சை ஈ' என்பதை ஒரே கோடாக அடித்து, சுருக்கொப்பமிட்டுத் தேதி போட்டேன். கீழே எழுதினேன்: "கம்பம். மக்கிய மாமரம். நீள்கால் ஈ. இனம் தெரியவில்லை."

"தாத்தாவுக்கே தெரியலையா?" என்றான் பேரன்.

"தெரியலைப்பா" என்றேன். சொன்ன பிறகு மனசுக்கு லேசாக இருந்தது.