ஓரியின் மலைக்கு ஒரு முதுகலை

பென்சில்வேனியா, அமெரிக்கா



சேந்தமங்கலத்தில் இருக்கும் என் அண்ணன் மகள் இளங்கலை வரலாறு முடித்துவிட்டாள். "மேல படிக்கணும் அத்தை. ஆனா வெளியூர் போய்த் தங்கிப் படிக்க வீட்ல வழியில்ல. நீங்க படிச்ச மாதிரி ஆன்லைன்ல போர் வரலாறு படிக்கலாமா? படிச்சா அது நம்ம ஊருக்கு எதுக்கு ஆகும்?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் அவள் கேள்வியின் பிற்பாதி நம் எல்லோருக்கும் உரியது. அதனால் இந்த முறை மடலை அதற்கே ஒதுக்குகிறேன்.

போர் வரலாறு என்றால் மன்னன் பெயர், களத்தின் பெயர், ஆண்டு என்று மனப்பாடம் செய்வதாகவே பள்ளிக்கூடம் நம்மைப் பழக்கிவிட்டது. முதுகலை வகுப்பில் கேட்கும் கேள்விகள் வேறு. படை எந்த வழியாக வந்தது? எதைத் தின்றது? குதிரைகளுக்குப் புல்லும் தண்ணீரும் எங்கே கிடைத்தன? வென்றவன் எதற்காக அந்த மண்ணை விரும்பினான்? இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் யார், அவரைப் புரந்தவர் யார்?

ஹான்ஸ் டெல்புரூக் என்ற ஜெர்மானிய அறிஞர், பாரசீக மன்னன் செர்க்சீசின் படை பற்றி ஹெரோடோட்டஸ் சொன்ன லட்சக்கணக்கை அப்படியே ஏற்கவில்லை. அத்தனை பேரும் ஒரே சாலையில் நடந்தால், முன்னணி கிரேக்கத்தின் தெர்மோபிலேயை எட்டும்போது பின்னணி பாரசீகத்தின் சூசாவை விட்டே கிளம்பியிருக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பாடம் நடத்திய ஜான் கீகன், 1976இல் வெளியிட்ட தம் நூலில் தளபதிகளை ஓரமாக நிறுத்திவிட்டு, அஜின்கோர்ட், வாட்டர்லூ, சோம் ஆகிய மூன்று களங்களிலும் சாதாரணப் படைவீரன் என்ன கண்டான், எதற்கு அஞ்சினான் என்று விசாரித்தார். இந்த இரு வழிகளும் இன்று உலகெங்கும் போர் வரலாற்று மாணவர்களுக்கு அடிப்படைப் பாடம்.

இணையவழியில் இதை எப்படிப் படிக்கிறோம்? வாரத்துக்கு ஒரு பொருள். அதற்குரிய நூல்களையும் கட்டுரைகளையும் பல்கலைக்கழக நூலகம் கணினித் திரைக்கே அனுப்பிவிடும். ஆசிரியர் இடும் கேள்விக்கு வார நடுவில் எழுத்தில் பதில் தர வேண்டும். வார முடிவுக்குள் சக மாணவர்களின் பதில்களுக்கு மறுமொழி எழுத வேண்டும். என் வகுப்பில் பணியில் இருந்த ராணுவத்தினர் இருந்தார்கள், பள்ளி ஆசிரியர்கள் இருந்தார்கள், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து எழுதிய தாய்மார்கள் இருந்தார்கள். எல்லாமே எழுத்தில் நடப்பதால் மழுப்ப இடமில்லை. எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று ஒருவர் கேட்டுவிடுவார். கடைசியில், மூலச் சான்றுகளைத் தானே படித்து ஆராய்ந்து ஓர் ஆய்வேடு எழுத வேண்டும்.

இனி அதே கேள்விகளை நம் ஊர்ப் பக்கத்துக் கொல்லிமலையிடம் கேட்டுப் பார்ப்போம்.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் அந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவனைக் கொன்றவன் முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக் காரி. வென்ற மலையைக் காரி தான் வைத்துக்கொள்ளாமல் சேரனுக்குக் கொடுத்தான். இதை நமக்குச் சொல்வது வீரம் பாடும் புறநானூறு அல்ல, காதல் பாடும் அகநானூறு. 209ஆம் பாடலில் தலைவியின் அழகுக்குக் கொல்லிப்பாவையை உவமை சொல்ல வந்த கல்லாடனார், பலா மிகுந்த அந்த மலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். நற்றிணை 320ஆம் பாடலில் கபிலர், ஊரில் எழுந்த அலருக்கு, அதாவது ஊர்ப்பேச்சுக்கு, உவமை தேடுகிறார். ஓரியைக் கொன்றபின் அவனுடைய பெருந்தெருவுக்குள் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரம்தான் அவருக்குக் கிடைத்த உவமை.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்ததற்காக 1944இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக், சான்று சொல்லும் நோக்கமே இல்லாமல் சான்றாகிவிடும் எழுத்துகளுக்கு மிகுந்த மதிப்புத் தந்தார். நம் அகப்பாடல்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. கேட்போருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியாக இருந்தால்தான் அது உவமையாகப் பயன்படும். எனவே ஓரியின் வீழ்ச்சி அன்றைய தமிழகம் முழுக்கப் பேசப்பட்ட நிகழ்ச்சி என்று துணிந்து சொல்லலாம். அதே நேரத்தில், புறநானூற்றில் காரியைப் புகழ்ந்து பாடியவரும் இதே கபிலர்தான் என்பதையும் மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். ஓரியின் பக்கத்தை வன்பரணர் பாடினார். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என அத்தனையையும் ஒரே அம்பு துளைத்துச் சென்றதாக அவர் பாடும் புறநானூற்று 152ஆம் பாடலை அளவுகோல் கொண்டு அளக்கக் கூடாது. அம்மலை மக்களின் உயிரான ஆயுதம் எது, எந்தத் திறமைக்காகத் தலைவனைக் கொண்டாடினார்கள் என்பதை அறிய அந்தப் பாடலே போதும்.

அடுத்து நிலம். கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம். காரவல்லி அடிவாரத்திலிருந்து ஏறும் இன்றைய தார்ச்சாலைக்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் தேவைப்பட்டன. மேலே ஆறு உண்டு, சாமையும் தினையும் விளையும், தேனும் பலாவும் உண்டு. முற்றுகையிட்டுப் பட்டினி போட்டு வீழ்த்தக்கூடிய இடம் அல்ல. காட்டுச் சரிவில் ஒளிந்திருக்கும் வில்லாளிகளுக்கு எதிரே குதிரைப்படை ஏறிவருவது தற்கொலைக்குச் சமம்.

பிறகு காரி எப்படி வென்றான்? சிறுபாணாற்றுப்படை இதற்கு ஒரு தடயம் தருகிறது. இருவருமே குதிரை வைத்திருந்தார்கள் என்றும், காரி என்ற குதிரையுடைய காரியும் ஓரி என்ற குதிரையுடைய ஓரியும் மோதினார்கள் என்றும் நல்லூர் நத்தத்தனார் சொல்கிறார். குதிரையில் ஏறிப் பொருதார்கள் என்றால், ஓரி தன் மலையின் காவலை விட்டுச் சமவெளிக்கு இறங்கி வந்தானா? வந்தான் என்றால், அவனை இறங்க வைத்தது எது? திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து காரியின் படை கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் இடையே, வசிட்ட நதி ஓடும் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு வழியாக வந்ததா? ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு இந்த மூன்று கேள்விகளே தாராளம்.

சேரன் கணக்கு என்ன என்பது அதற்கடுத்த கேள்வி. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடிய தலைவன், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் (தகடூரை ஆண்ட அதியமான்) இரு பெருவேந்தரையும் ஒருசேர வென்று, பின் தகடூரை அவன் அழித்தான் என்கிறது அப்பத்தின் பதிகம். பதிகங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்ற எச்சரிக்கையோடு படித்தாலும் ஒரு படையெடுப்பின் வரிசை தெளிவாகத் தெரிகிறது. கரூரில் இருந்த சேரனுக்குக் காவிரியைத் தாண்டியதும் வடகிழக்கே நிற்பது கொல்லி, வடக்கே இருப்பது தகடூர், அதாவது இன்றைய தருமபுரி. பக்கவாட்டில் கொல்லியைப் பகைவனிடம் விட்டுவிட்டுத் தகடூருக்குப் போவது ஆபத்து. ஓரியைத் தனியொரு வள்ளலின் சோகக் கதையாகவே கேட்டு வந்திருக்கிறோம். வரைபடத்தை விரித்தால், அவன் ஒரு பெரிய போரின் முதல் கட்டத்தில் பலியானவனாகத் தெரிகிறான்.

பாட்டு மட்டும் போதாது, கல்லும் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நம்மிடம் கல்லும் இருக்கிறது. கரூருக்கு அருகே புகழூர்க் குன்றில் இரும்பொறை மரபினரின் பெயர்களைச் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி அளித்த கொடையைப் பதிவு செய்கிறது. அவனைச் சதியபுதோ என்றும் அது அழைக்கிறது. அசோகனின் கல்வெட்டுகளில் சேர சோழ பாண்டியரோடு வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு விடை தந்த கல் அது. அதியமான் கோவலூரை வென்றதாக ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாடலில் சொல்கிறார். அந்தக் கோவலூர் காரியின் ஊர். அதன் பக்கத்திலேயே அதியனின் கல்வெட்டு நிற்கிறது என்றால், பாட்டும் கல்லும் ஒன்றையொன்று தாங்குகின்றன. தகடூர் அதியமானிடம் தன் ஊரை இழந்த காரிக்குச் சேரனின் துணை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதும், அந்தத் துணைக்கு விலையாகவே கொல்லி கைமாறியதா என்பதும் இங்கிருந்து எழும் கேள்விகள்.

கீகன் தேடிய சாதாரண வீரனும் நம்மிடம் இருக்கிறான். தருமபுரி, செங்கம் பகுதிகளின் நடுகற்கள் மாடு மீட்கப் போய் மாண்டவனின் பெயரையும், அவன் எந்தத் தலைவனின் ஆள் என்பதையும் சொல்கின்றன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளவை. முன்பே வீட்டு ஆண்களைப் போரில் இழந்துவிட்டு ஒரே மகனையும் களத்துக்கு அனுப்பிய பெண்ணை ஒக்கூர் மாசாத்தியார் பாடியிருக்கிறார். போரைக் களத்துக்கு வெளியே நின்ற பெண்ணின் பக்கமிருந்து பார்த்த ஒரு பெண்ணின் குரல், இத்தனை பழைய காலத்திலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது. இதன் அருமை, பிறநாட்டுப் போர்களைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

நான் வசிக்கும் இந்த மாநிலத்தில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போரின் களமான கெட்டிஸ்பர்க் இருக்கிறது. 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்த போரில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பேர் மாண்டார்கள், காயமுற்றார்கள், பிடிபட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். 1,300க்கு மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் அங்கே நிற்கின்றன. எந்தப் படைப்பிரிவு எந்த வேலியோரம் நின்றது என்று பள்ளிப் பிள்ளைகள்கூட நடந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். கொல்லிமலையில் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. அதில் எனக்கு மிகுந்த பெருமை. ஆனால் விழாவோடு நின்றுவிடக் கூடாது. ஓரி எங்கே போரிட்டிருக்கக்கூடும் என்று மலையேறி வரும் பிள்ளைக்குக் காட்ட ஒரு வரைபடமாவது வேண்டும்.

இப்போது அண்ணன் மகளின் முதல் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் 1819இல் தொடங்கிய நார்விச் பல்கலைக்கழகமும், அமெரிக்கன் மிலிட்டரி பல்கலைக்கழகமும் போர் வரலாற்று முதுகலையை இணையவழியில் நடத்துகின்றன. கட்டணம் ரூபாயில் பல லட்சம். வெளிநாட்டு இணையவழிப் பட்டம் இந்தியாவில் அரசு வேலைக்கோ ஆய்வுப் படிப்புக்கோ செல்லுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளைப் பார்த்துத் தெளிந்துகொள்வது அவசியம். கடன் வாங்கி இதில் இறங்காதே என்பதே என் அறிவுரை. 1985இல் தொடங்கிய இக்னோவும் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வீட்டிலிருந்தே வரலாற்று முதுகலை படிக்க வழி செய்கின்றன. அங்கே சேர்ந்துகொண்டு, போர் வரலாற்றின் முறையைத் தானே கற்றுக்கொள்ளலாம். மூலநூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் மதுரைத் திட்டமும் இலவசமாகவே தருகின்றன. மலைச் சரிவை அளக்க உதவும் செயற்கைக்கோள் உயரத் தரவும், அதை வரைபடமாக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் காசில்லாமல் கிடைக்கின்றன.

கேள்வியின் பிற்பாதிக்கு என் பதில் இது. தமிழ்நாட்டில் ராணுவ அதிகாரிகளுக்கான உயர்கல்வி ஏற்கெனவே நடக்கிறது. நீலகிரியின் வெலிங்டன் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் பயிலும் அதிகாரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டம் தருகிறது. அது அதிகாரிகளுக்கான படிப்பு. அதேபோல் நம் கிராமத்துப் பட்டதாரிகளுக்காக, தமிழகப் போர்களையே பொருளாகக் கொண்டு, தமிழிலேயே, இணையவழியில் ஒரு முதுகலை வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமோ திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ இதைத் தொடங்க வேண்டும். பாட்டும் கல்வெட்டும் நிலமும் சேர்த்துப் படிக்கும் அந்தப் படிப்பின் முதல் களப்பணி கொல்லிமலையில் நடக்கட்டும். தகடூரும் சங்ககிரியும் அடுத்தடுத்து வரட்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். தார்ச்சாலை வருவதற்கு முன் புளியஞ்சோலைப் பக்கமிருந்தும் பேளுக்குறிச்சிப் பக்கமிருந்தும் மலைக்கு ஏறிய ஒற்றையடிப் பாதைகள் வளப்பூர் நாட்டிலும் வாழவந்தி நாட்டிலும் குண்டூர் நாட்டிலும் உள்ள முதியவர்களுக்குத் தெரியும். எந்தப் பாதையில் தண்ணீர் உண்டு, எதில் சுமைமாடு ஏறும், எதில் ஏறாது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. அந்த அறிவு போய்விட்டால் ஓரியின் போரை எந்தப் பல்கலைக்கழகத்தாலும் மீட்டெடுக்க முடியாது. சேந்தமங்கலத்திலும் ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் வரலாறு படிக்கும் பிள்ளைகளே, அந்தப் பெரியவர்களோடு நடந்து, பாதைகளைக் கைபேசியில் குறித்து, அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள். இந்த வேலையை இந்தக் கோடையிலேயே தொடங்குங்கள்.