தராசில் நிற்காத சரக்கு

2020 மார்ச் கடைசி. ஊரடங்கு போட்ட வாரம். திருநெல்வேலி டவுனில் எங்கள் நாட்டு மருந்துக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தேன். வெளியே ரோட்டில் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களுக்குள் ஆட்கள் நின்றார்கள். முதல் வட்டத்தில் நின்ற பையன் கேட்டான்: "அண்ணாச்சி, எதிர்ப்பு சக்திக்கு அரைக் கிலோ போடுங்க."

எதைப் போட என்று எனக்கு விளங்கவில்லை. அப்பா காலத்தையும் சேர்த்தால் இந்தக் கல்லாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். அந்தப் பெயரில் ஒரு சரக்கை அதுவரை யாரும் கேட்டதில்லை. "நெஞ்சுல சளி கட்டியிருக்கு", "பிள்ளை பால் கக்குது", "சாப்பிட்டது செமிக்கல" என்று வருவார்கள். அதைக் கேட்டுத்தான் நாங்கள் டப்பாவைத் திறப்போம். கேட்கும் நேரம் அதிகம், நிறுக்கும் நேரம் கொஞ்சம். அந்த வாரம் அது தலைகீழாகப் போனது. கேட்க நேரமே இல்லை, நிறுத்துக்கொண்டே இருந்தேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதில் பாதியைப் பார்த்திருந்தேன். 2012-ல் கடையநல்லூர் பக்கம் டெங்கு ஆட்டி வைத்தபோது ஊரே நிலவேம்புக் குடிநீர் குடித்தது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று அது ஒன்பது சரக்கு. ஊரடங்கில் எல்லாரும் தேடிய கபசுரக் குடிநீருக்குப் பதினைந்து. அதில் கோஷ்டம் இமயமலைப் பக்கத்து வேர். லாரி வராமல் அது எப்படி வரும்? பதினைந்தில் கிடைத்ததை மட்டும் போட்டு அரைத்து, பெயரை மாற்றாமல் விற்றவர்களும் அந்த நாட்களில் இருந்தார்கள். பொடியாகி விட்டால் எது இருக்கிறது, எது இல்லை என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் அப்பா கடைசி வரை பொடியைக் கடையில் ஏற்றவில்லை. முழுச் சரக்கைக் காட்டி, கண்ணெதிரே நிறுத்துக் கொடுப்பார்.

அவர் எனக்கு முதலில் கொடுத்த வேலை சுக்குத் தோல் சீவுவது. சுக்குக்கு வெளித்தோல் ஆகாது, கடுக்காய்க்கு உள்கொட்டை ஆகாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. நல்ல சுக்கை ஒடித்தால் 'டக்'கென்று ஒடியும். ஒடித்த இடத்திலிருந்து மணம் மூக்குக்கு ஏறும். பூச்சி அரித்த சுக்கு பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் ஊசி குத்தினாற்போலத் துளைகள் தெரியும், உள்ளங்கையில் தட்டினால் மாவு கொட்டும். தேறிய சுக்கில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, காயவைத்து, கழுவி, பிறகு கத்தியால் தோலைச் சீவ வேண்டும். கணுவுக்குக் கணு கத்தியைத் திருப்பாவிட்டால் சதையும் சேர்ந்து போய்விடும். கிலோவுக்கு ஒரு கைப்பிடியாவது தோலாகக் கழியும். அந்தக் கைப்பிடியும் காசுதான். அதை இழக்க மனம் வராதவர்கள் தோலோடு அரைக்கிறார்கள்.

இந்த வேலையை முப்பது வருஷம் செய்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. எங்கள் கைவசம் உள்ள முறைகளில் பாதிக்குமேல், எதை எடுப்பது, எதோடு சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றியவை. சேர்மானத்துக்கு ஒரு உதாரணம், பாலில் மஞ்சள் போடும்போது ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் போடுகிற பழக்கம். 1998-ல் பெங்களூரில் சில ஆராய்ச்சியாளர்கள் இதன் உள்விவரத்தை அளந்து பார்த்தார்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் தனியாகப் போனால் ரத்தத்தில் ஏறுவது சொற்பம். இரண்டு கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைபரின் வெறும் 20 மில்லிகிராம் சேர்ந்தபோது அது 20 மடங்கு ஏறியது. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அது ரத்தத்தில் ஏறுவதைப் பற்றிய கணக்கு. மஞ்சள் பால் குடித்தவனுக்குக் காய்ச்சலே வராது என்று அதற்குப் பொருள் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பல விளம்பரங்கள் பிழைக்கின்றன.

எங்கே நிறுத்துவது என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பிலிருந்து. எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரம் வாங்கிப் போனார். இதமாக இருந்திருக்கிறது. கிருமிக்கும் நல்லது என்று யாரோ சொல்ல, தினமும் இரண்டு வேளை கொதிக்க வைத்துக் குடித்திருக்கிறார். வாரம் தவறாமல் வந்தார். நானும் வாரம் தவறாமல் கட்டிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவர் மகன் வந்தான். அப்பாவுக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறி, பொட்டாசியம் குறைந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அதிமதுரம் அதிகமானால் இதையெல்லாம் செய்யும். அவருக்கு ஏற்கெனவே பிரஷர் இருந்தது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

மகன் கோபப்படவில்லை. "இதுல என்ன பக்கவிளைவு வரப்போவுதுன்னு நாங்களும் நெனைச்சிட்டோம், அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து அதிமதுரம் கேட்டு யார் வந்தாலும், டப்பாவைத் திறக்கும் முன் நாலு கேள்வி கேட்கிறேன். பிரஷர், சுகர் உண்டா? வேறு மாத்திரை ஓடுகிறதா? வீட்டில் கர்ப்பிணி யாராவது குடிக்கப் போகிறார்களா? எத்தனை நாளைக்கு?

சீந்தில் விஷயமும் இதே பாடத்தைத்தான் சொன்னது. தொற்றுக் காலத்தில் சீந்தில் தண்டைக் காய்ச்சிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதித்ததாக 2021-ல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். அது சீந்தில் அல்ல, அதே சாயலில் உள்ள வேறொரு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் இரண்டு பேர் சொன்னதும் என் கடைக்குப் பொருந்தும். கொடியை அடையாளம் தெரிந்து வாங்கு. தெரிந்தே வாங்கினாலும் அளவு தெரியாமல் கொடுக்காதே.

எதிர்ப்பு சக்தியை மேல்தொட்டித் தண்ணீர் மாதிரி நினைக்கிறார்கள், மோட்டாரைப் போட்டால் ஏறும் என்று. உடம்பின் காவல் அப்படி இல்லை. அது கூடுதலாகச் சீறினாலும் நோய்தான். தூசி பட்டதும் மூச்சு இழுப்பதும், உடம்பு தன் மூட்டையே தாக்கி வீங்க வைப்பதும் அந்தச் சீற்றத்தால்தான். காவலுக்கு வேண்டியது ஆளை அடையாளம் தெரிவது. திருடனின் படத்தை முன்கூட்டியே காட்டி வைக்கிற வேலையைத் தடுப்பூசி செய்கிறது. என் டப்பாக்களில் எதுவும் அதைச் செய்யாது. நான் கடையை அரை நாள் பூட்டிவிட்டுப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். "நீங்களே போட்டா எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டவர்களுக்கும் இதைத்தான் சொன்னேன்.

அப்படியானால் சுக்கும் மிளகும் எதற்கு? எங்கள் ஆச்சி அவற்றை மருந்தாகப் பார்த்ததே இல்லை. அடுப்படி சாமானாகவே பார்த்தாள். சாரல் தொடங்கினால் மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு, மிளகு கொஞ்சம் தட்டிப் போட்டுக் கருப்பட்டிக் காப்பி. காய்ச்சல் விட்ட வீட்டுக்கு மிளகு ரசமும் குழைந்த சோறும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் நெல்லிக்காய் அளவு லேகியம். அந்த அளவைத் தாண்டிக் கேட்டால் கையில் அடி விழும். வெளியே போய்வந்தால் கை கால் கழுவாமல் நடையைத் தாண்ட முடியாது. எட்டரைக்குச் சாப்பாடு முடிந்துவிடும். ஒன்பதரைக்கு விளக்கு அணையும்.

அந்த விளக்கணைப்பை மட்டும் யாரும் என் கடையில் கேட்பதில்லை. அமெரிக்காவில் 164 பேர் மூக்கில் ஜலதோஷக் கிருமியை விட்டுப் பார்த்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கினவர்களைப் போல நாலு மடங்கு. ராத்திரி ஒரு மணி வரை செல்போன் பார்த்துவிட்டுக் காலையில் கபசுரம் வாங்க வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். சிரித்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவார்கள்.

சில சமயம் பொட்டலமே கட்டுவதில்லை. போன வாரம் ஒரு ஆச்சி வந்தாள். மூன்று மாதப் பேரனுக்கு நாக்கில் தடவ நல்ல தேன் வேண்டுமாம்.

"ஒரு வயசு ஆவட்டும், ஆச்சி. அதுவரைக்கும் தேன் ஆவாது. அதுல இருக்கிற ஒரு கிருமி பச்சப்புள்ளை வயித்துல வெசமா மாறிரும்."

"எம் பிள்ளைங்க அஞ்சுக்கும் தடவித்தான வளத்தேன்!"

"தப்பிச்சிட்டாங்க. இவனுக்குத் தாய்ப்பால் போதும்."

முறைத்துக்கொண்டே போனாள். அடுத்த கடையில் வாங்கியிருக்கவும் கூடும்.

2020-ல் என் மகன் ஆசைப்பட்டு ஒரு லேபிள் அடித்தான். பச்சை எழுத்தில் 'இம்யூனிட்டி சூரணம்', கீழே ஒரு கேடயத்தின் படம். ஐந்நூறு வந்து இறங்கியது. உள்ளே எதைப் போடுவது, யாருக்குப் போடுவது என்று இரண்டு பேரும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். முடிவுக்கு வர முடியவில்லை. அந்த லேபிள்கள் இன்னும் கல்லாப் பக்கத்தில் இருக்கின்றன. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் சீட்டு எழுத உதவுகின்றன. காலையில்கூட ஒன்றைத் திருப்பிப் போட்டு ஒரு அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன்: 'சுக்கு 50 கிராம். தோல் சீவவும். மூன்று நாளில் இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் போகவும்.'