குவளையின் கதை

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பூவிருந்தவல்லியைக் கடந்து திருப்பெரும்புதூரை அடையுமுன் தண்டலம் என்னும் ஊர் இருக்கின்றது. ஏரிகளை நம்பி நெல் விளைவித்த நாட்டுப்புறம் அது. 1998 ஆம் ஆண்டில் அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார்களைச் செய்யத் தொடங்கியது. பின்னர் ஒரகடம் வரையிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. இப்போது இப்பகுதியில் இரவென்றும் பகலென்றும் வேறுபாடு இல்லை. பணிமுறை மாறும் வேளைகளில் தொழிலாளரை ஏற்றிய பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். அவை நிற்கும் இடந்தோறும் ஒரு தேநீர்க் கடை இருக்கும்.

அத்தகைய கடை ஒன்றின் முன் பேருந்து வந்து நின்றவுடன் நிகழ்வது காணத்தக்கது. நாற்பது ஐம்பது பேர் ஒருங்கே இறங்குவர். அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. கடைக்காரர் காகிதக் குவளைகளைப் பலகையின்மேல் வரிசையாக வைத்து, கை ஓயாமல் தேநீரையும் காப்பியையும் ஊற்றிக்கொண்டே செல்வார். பேருந்து புறப்பட்டுவிடும். குவளைகள் மட்டும் நிலத்தில் வெண்மையாய்ச் சிதறிக் கிடக்கும். கூடை இல்லாமலில்லை, கூடை எப்போதோ நிரம்பிவிட்டது! மழை பெய்தால் அவை சாலையோரக் கால்வாயில் மிதந்து செல்லும். சென்னை மாநகருக்குக் குடிநீர் வழங்கும் செம்பரம்பாக்கம் ஏரி அங்கிருந்து தொலைவில் இல்லை.

'காகிதந்தானே, மண்ணில் மக்கிவிடும்' என்று பலர் எண்ணுவர். வெறுங்காகிதத்தில் சூடான காப்பியை ஊற்றினால் அது ஊறிக் குழைந்துவிடும். ஆகவே, குவளையின் உட்புறத்தில் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாக ஒட்டியிருக்கின்றனர். கண்ணுக்குப் புலப்படாத இப்படலமே எல்லாத் தொல்லைக்கும் மூலம். பழைய காகிதத்தை ஆலையில் நீரில் ஊறவைத்துக் கூழாக்கி மீண்டும் காகிதம் செய்வர். குவளையில் நீர் ஒருபுறத்திலிருந்துதான் நுழைய முடியும். படலம் பிரிந்து வர நெடுநேரமாகும். அதற்கெனத் தனி இயந்திர அமைப்பு இல்லாத ஆலைகள் குவளைகளை ஏற்பதில்லை. இத்தனைக்கும் அதிலுள்ள மரநார் உயர்ந்த வகையைச் சேர்ந்தது. பிரிட்டனில் ஆண்டுதோறும் 250 கோடிக் குவளைகள் எறியப்படுவதாகவும், அவற்றுள் நானூற்றில் ஒன்றுகூட மறுசுழற்சிக்குச் செல்வதில்லை என்றும் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழு ஒன்று 2018 இல் அறிவித்தது. குப்பையைப் பிரித்துச் சேர்ப்பதில் முன்னேறிய நாட்டின் நிலையே இது. மேலும், 100 மில்லிலிட்டர் வெந்நீர் இக்குவளையில் 15 நிமிடம் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் அதில் கலந்துவிடுவதாகக் காரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2020 இல் கண்டனர்.

ஆயினும் இக்குவளை தீய நோக்கத்தோடு பிறந்ததன்று. அமெரிக்காவில் புகைவண்டிகளிலும் பள்ளிகளிலும் குடிநீர்த் தொட்டியருகே ஒரே தகரக் குவளையைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். நோயாளியும் நோயற்றவரும் அதிலேயே பருகினர். காசநோய் அதனால் பரவுமென்று அஞ்சி, 1909 இல் கேன்சஸ் மாநிலம் பொதுக்குவளையைத் தடை செய்தது. ஒருமுறை பருகியபின் எறிந்துவிடும் காகிதக் குவளை அக்காலத்தில்தான் பரவலாயிற்று.

தமிழகத்திலோ குவளைக்கு வேறொரு வரலாறு உண்டு. அது நாணத்தோடு சொல்ல வேண்டிய வரலாறு. தேநீர்க் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று தனிக் குவளை வைத்திருந்தனர். சில ஊர்களில் கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுத்தனர். குடித்தவரே அதைக் கழுவி வைக்க வேண்டும். இரட்டைக் குவளை என்ற இக்கொடுமையை எதிர்த்துப் பலர் போராடினர், அடிபட்டனர். எல்லார்க்கும் ஒரே கண்ணாடிக் குவளை என்பது எளிதாகக் கிடைத்த உரிமையன்று. காகிதக் குவளை வந்தபோது, 'இனி வேற்றுமைக்கு இடமில்லை' என்று மகிழ்ந்தோர் உண்டு. சில இடங்களில் சிலருக்கு மட்டும் காகிதக் குவளை நீட்டப்பட்டு, பழைய வேற்றுமையே புதிய உருவத்தில் தொடர்ந்ததும் உண்டு.

தமிழக அரசு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தேநீர்க் குவளையும் அத்தடையில் அடங்கும். குவளை செய்வோர் வழக்குத் தொடுத்தனர். தொழிலில் முதலிட்டோரின் கவலையும் பொய்யன்று. எனினும், 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் காகிதக் குவளைத் தடையை உறுதி செய்தது. அதன்பின்னும் குவளைகள் கடைகளை விட்டு அகலவில்லை. காரணத்தை அறியத் தண்டலத்துக் கடைக்கே திரும்ப வேண்டும்.

ஒரு நாள் மாலை, பேருந்துக்குக் காத்திருந்த இளைஞர் ஒருவர் கடைக்காரரிடம், "அண்ணா, கண்ணாடிக் குவளையில் கொடுங்கள்" என்றார்.

"கொடுக்கலாம், தம்பி. ஐம்பது குவளையைக் கழுவ ஓர் ஆள் வேண்டும். தண்ணீரையும் குடம் குடமாக விலைக்குத்தான் வாங்குகிறேன். தேநீர் விலையைக் கூட்டினால் நீங்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவீர்களே!"

"காகிதக் குவளைக்கு நீங்கள் விலை கொடுப்பதில்லையா?"

கடைக்காரர் மறுமொழி கூறவில்லை. அவ்விலை தேநீர் விலைக்குள் மறைந்து கிடப்பதை அவர் அறியாதவரல்லர்.

கனடா நாட்டு வேதியியல் அறிஞர் மார்ட்டின் ஹாக்கிங் 1994 இல் இக்கணக்கை ஆராய்ந்தார். ஒரு கண்ணாடிக் குவளையைச் செய்யவும் கழுவவும் ஆகும் ஆற்றலைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 15 முறை பயன்பட்டவுடன் அது காகிதக் குவளையினும் சிக்கனமாகிவிடும் என்று அவர் கண்டார். வீட்டில் உள்ள குவளைக்குப் பதினைந்து முறை என்பது ஒரு வாரத்துக்கு மேல். தேநீர்க் கடைக் குவளைக்கோ ஒரே காலைப்பொழுது போதும்.

கடைக்காரர் பலகையின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளை ஒன்றை எடுத்தார். அதைக் கொதிநீரில் அலசித் தேநீரை ஆற்றி ஊற்றிக் கொடுத்தார். இளைஞர் பருகி வைத்ததும் அதே குவளையைக் கழுவி, அடுத்து நின்ற சரக்குந்து ஓட்டுநரிடம் நீட்டினார். பிறகு சர்க்கரைப் பொட்டலக் காகிதத்தின் பின்புறத்தில், கழுவும் ஆளுக்குக் கூலி எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு, நாளொன்றுக்குக் குவளைகளுக்கு எவ்வளவு என்று எழுதிக் கூட்டத் தொடங்கினார். கூட்டி முடிப்பதற்குள் ஆறு மணிப் பேருந்து வந்துவிட்டது.