ஆம்பூர் ஷூவும் பாரிஸ் காலும்

ஆம்பூர் என்றதும் உங்கள் வீட்டுக்காரருக்குப் பிரியாணிதான் ஞாபகம் வரும். அவர் அதைக் கவனிக்கட்டும். நீங்கள் சாயங்கால வேளையில் என்னோடு பஸ் ரோட்டில் கொஞ்சம் நில்லுங்கள், அம்மணி. ஷூ பாக்டரி விடுகிற நேரம். கையில் டிபன் டப்பாவுடன் சாரி சாரியாகப் பெண்கள்! இவர்கள் தைத்த தோல் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் யார் காலிலோ நடமாடப் போகிறது.

அந்தக் காலுக்கு உரியவர் கதையே வேறு. பிரான்ஸில் 2000-ம் வருஷத்திலிருந்து வாரத்துக்கு 35 மணி வேலை; மேற்கொண்டு செய்தால் ஓவர்டைம். நம் நாட்டில் 1948-ம் வருஷச் சட்டம் வகுத்த 48 மணி இன்னும் அப்படியே இருக்கிறது. 2023 ஏப்ரலில் நாளுக்கு 12 மணி வரை வேலை வாங்க வழிசெய்யும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பவே, மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று. வீட்டுக்குப் போய் உலை வைக்கிற நேரத்தை எந்தச் சட்டம் கணக்கில் சேர்த்தது, சொல்லுங்கள்!

ஜெர்மனியில் 2025-ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. ஆயிரம் ரூபாய்க்கு மேல்! "அடேயப்பா!" என்று மலைக்காதீர்கள். அங்கே வாடகையும் யூரோவில்தான். வைத்தியத்துக்கும் பென்ஷனுக்கும் சம்பளத்திலேயே பிடித்தம். ஷூ விலையில் 19 சதவீதம் வரி. இங்கே 2025 செப்டம்பரில் 2,500 ரூபாய் வரையுள்ள ஜோடிக்கு வரியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள்.

ஆம்பூரில் வாழ்க்கைச் செலவு மலிவு என்பார்கள். பாலாற்றங்கரைக்குப் போய்க் கேளுங்கள். தோல் பதனிட்ட கழிவு கலந்து கிணற்று நீர் உப்புக் கரித்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. கிணறு அதனால் இனித்துவிடவில்லை.

அதோ, பஸ்ஸை விட்டு இறங்கிய ஒருத்தி தண்ணீர்க் கேனுக்குச் சில்லறை எண்ணுகிறாள்.