பிளேட்டுப் பெட்டியில் பட்டுக்கோட்டையார்

களமருதூரில் எங்கள் தெரு மைக்செட்காரர் பிளேட்டுகளைக் கட்சிவாரியாகப் பிரித்து வைத்திருப்பார். எம்.ஜி.ஆர். பாட்டெல்லாம் ஒரு தகரப்பெட்டி. நாகூர் அனிபா இருப்பது தி.மு.க. பெட்டி. சிவாஜி படங்கள் காங்கிரஸுக்கு. காதுகுத்துக்கும் கூழ் ஊற்றுவதற்கும் பொதுவாக ஒரு மரப்பெட்டி. அதில் சீர்காழியும் எல்.ஆர். ஈஸ்வரியும் கலந்து கிடப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிளேட்டுகளைத் துடைத்து உறையில் போட்டு வைப்பது என் வேலை. கூலி ஒரு கமர்கட்டு.

1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். பெட்டியும் சிவாஜி பெட்டியும் ஒரே வண்டியில் போயின, கூட்டணி அப்படி. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அவர் படுக்கையில் உட்கார்ந்து சாப்பிடுவதை வீடியோ எடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதைப் பார்த்து மூக்கைச் சிந்தினார்கள். எதிரணியில் தி.மு.க.வும் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும்.

அந்த எதிரணிக் கூட்டத்துக்குத்தான் வம்பு வந்தது. விவசாயச் சங்கத்துத் தோழர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, ‘நாடோடி மன்னன்’ பிளேட்டை எடுத்து வைக்கச் சொன்னார். தம்பியைத் தட்டி எழுப்புகிற அந்தப் பாட்டு வேண்டுமாம். “எழுதினது பட்டுக்கோட்டையாருங்க. ஜனசக்தியில எழுதின மனுசன். எங்க ஆளு.”

தி.மு.க. கிளைச் செயலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தோழர், உங்க ஆளாவே இருக்கட்டும். குழாயில வர்றது டி.எம்.எஸ். குரல். கேக்கிற பொம்பளைங்களுக்கு எம்.ஜி.ஆர். மொகந்தான் தெரியும். ஆஸ்பத்திரியில கெடக்கிறவரை நாமளே நம்ம மேடையில ஏத்தணுமா?”

டீக்கடையில் இது தெரிந்ததும் இரட்டை இலைக்காரர்கள் விடவில்லை. தம் முதல்வர் நாற்காலியின் ஒரு கால் பட்டுக்கோட்டையார் பாட்டு என்று தலைவரே சொல்லியிருக்கும்போது, சிவப்புத் துண்டுக்கு அங்கே என்ன வேலை என்றார்கள். பாட்டை வேண்டாமென்ற அதே செயலாளருக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. படம் வந்தது 1958-இல், அன்றைக்கு எம்.ஜி.ஆர். எந்தக் கட்சி? படக் கம்பெனியின் சின்னத்திலேயே ஆணும் பெண்ணும் கறுப்பு சிவப்புக் கொடியைத்தானே பிடித்து நிற்கிறார்கள்? கவிஞர் யாருடைய சீடர்? பாரதிதாசனுக்குச் சீடர், அவர் தலைமையில் கல்யாணம் செய்துகொண்டவர். ஆக, பாட்டு உதயசூரியனுக்கு. ஆனால் போடக் கூடாது!

இன்று யோசித்தால், மூன்று பேரிலும் தோழருக்குத்தான் பாத்தியதை கூடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. தஞ்சாவூர் விவசாயிகள் இயக்கத்தில் நின்றவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். சினிமாவில் எழுதும்போதும் உழைக்கிறவன் பக்கத்தை விட்டு அவர் நகரவில்லை. ஆனால் மற்றவர்களும் பொய் சொல்லவில்லையே. அவர் இறந்தது 1959 அக்டோபரில், 29 வயதில். கம்யூனிஸ்ட் கட்சி இரண்டானது 1964-இல், எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டது 1972-இல். எந்தப் பிரிவினையிலும் ஒரு பக்கம் சாய்ந்து இன்னொரு பக்கத்தின் வாயில் விழ அவருக்கு ஆயுள் இல்லை. கண்ணதாசன் பாட்டு எல்லாப் பெட்டியிலும் இருந்தது; அவரை எங்க ஆளு என்று அடித்துச் சொல்ல ஒருவரும் வரவில்லை. 1961-இல் தி.மு.க.வை விட்டு, காங்கிரஸுக்குப் போய், கடைசியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசவைக் கவிஞரானவரை யார் தலையில் கட்டுவது? போதாததற்கு, போன இடமெல்லாம் மனதில் பட்டதைப் பேசியும் தொலைத்தவர்.

கடைசியில் மைக்செட்காரர் ஒரு வழி சொன்னார். பிளேட்டு வேண்டாம், தோழரே பாடட்டும். கூட்டத்தன்று தோழர் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டு, டி.எம்.எஸ். சாயலே வராமல், தம் போக்கில் பாடினார். நன்றாகவே பாடினார். இரண்டாவது சரணத்தில் பின்னாலிருந்து ஒரு பொடியன் விசிலடித்து, “வாத்தியார் வாழ்க!” என்று கத்தினான். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. செயலாளர் மைக்செட்காரரைப் பார்த்த பார்வையில் ஆம்ப்ளிஃபயரே அணைந்திருக்க வேண்டும். வாடகையில் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். பாடினது தோழர், விசிலடித்தது எவனோ, எனக்கெதற்கு அபராதம் என்று மைக்செட்காரர் பொங்கல் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.