தாயுமானவர் சந்நிதியில் ஒரு மாணவி

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் ஈசனுக்குத் தாயுமானவர் என்பது திருநாமம். பேறுகாலத்தில் மகளுக்கு உதவ, காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்டு வந்த தாய், காவிரியில் பெருகிய வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இக்கரையில் ரத்தினாவதி வலியால் துடித்தாள். அடியவளின் துயர் பொறாத ஈசன், அந்தத் தாயின் உருவிலேயே வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடியும் வரை உடனிருந்து தாயையும் சேயையும் பேணினார். பெற்ற தாய் வாசலில் வந்து நின்றபோதுதான், அதுவரை பணிவிடை செய்தவர் யார் என்பது விளங்கிற்று. சுகப்பிரசவம் வேண்டிக்கொள்வோர் இன்றும் அச்சந்நிதியில் வாழைத்தார் சமர்ப்பிக்கிறார்கள்.

நோயாளிக்கு அருகிருந்து பணிவிடை செய்வதை ஆண்டவனே ஏற்றுச் செய்த தலம் அது. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே தனியார் மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்த ஒரு பெண்மணி, நாற்பத்து மூன்றாம் வயதில் மீண்டும் மாணவியானார். பட்டயப் படிப்புடன் பணியில் சேர்ந்தவர் அவர். பணி நிரந்தரம், வார்டில் நல்ல பெயர். ஊசி போட்டால் வலி தெரியாது என்று நோயாளிகள் அவரையே தேடுவார்கள். அப்படிப்பட்டவர் மறுபடியும் புத்தகப் பையைச் சுமக்க நேர்ந்ததற்குக் காரணம், ஓர் இரவில் நடந்த சிறு நிகழ்ச்சி.

பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்தபோது, வால் எலும்பின் மேல் தோல் சிவந்திருந்ததைச் செவிலியர் கண்டார். உடனே ஸ்பிரிட்டும் பவுடரும் எடுத்துவந்து, தாம் பயின்ற காலத்தில் கற்றபடி, அவ்விடத்தை இதமாகத் தேய்க்கத் தொடங்கினார். உடன் பணியிலிருந்த இளம் செவிலியர், பட்டப்படிப்பு முடித்து வந்து ஓராண்டுகூட ஆகாதவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். சிவந்துபோன இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்."

"ஏன்?" என்று கேட்டார் மூத்தவர்.

எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தசை அழுந்தும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. சிவப்புத் தெரியும்போதே உள்ளே தசை நலிந்திருக்கக்கூடும். தேய்த்தால் அது மேலும் சிதையும். அழுத்தத்தை நீக்குவதே அதற்கு மருந்து என்று இளையவர் விளக்கினார். ஆணவம் சிறிதும் இல்லாத விளக்கம். ஆனால் கேட்டவருக்கு அன்று விடியும் வரை மனம் ஆறவில்லை. இருபது ஆண்டுகளில் எத்தனை முதுகுகளை அவர் அன்போடு தேய்த்துவிட்டிருப்பார்! அன்பில் குறை இல்லை. அறிவில் அல்லவா குறை இருந்திருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் என்றோ விடை சொல்லி வைத்திருக்கிறார்கள். மருத்துவத்துக்கு நான்கு தூண்கள் உண்டு என்கிறது சரக சம்ஹிதை: மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. திருவள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் இதே நால்வகையைக் கூறுகிறார். அருகிருந்து மருந்தூட்டுபவரை 'உழைச்செல்வான்' என்று குறிப்பிடுகிறார். பணிவிடை செய்பவருக்கு நான்கு குணங்கள் வேண்டும் என்று சரகர் வரிசைப்படுத்துகிறார்: பணிவிடை முறையை அறிந்த அறிவு, கைத்திறன், அன்பு, தூய்மை. அன்பு மூன்றாவதாகவே வருகிறது. அறிவுக்கே முதலிடம். அன்பை அவர் குறைத்து மதிப்பிடவில்லை. அறியாத கையில் அன்பும் தீங்கு செய்துவிடக்கூடும் என்பதை அறிந்திருந்தார் போலும்.

நம் நாட்டில் செவிலியர் கல்வி படிப்படியாக வளர்ந்த ஒன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-ஆம் ஆண்டிலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. பட்டப்படிப்பு வருவதற்கு மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1946-இல்தான் வேலூரிலும் டில்லியிலும் அது தொடங்கப்பட்டது. ஏற்கெனவே பட்டயம் பெற்றுப் பணியில் இருப்பவர்கள் இரண்டே ஆண்டுகளில் பட்டம் பெறுவதற்கான வழி, 1963-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தது. இன்று அதைப் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங் என்கிறார்கள். அந்த வழியைத்தான் இந்தப் பெண்மணியும் தேர்ந்தெடுத்தார்.

வீட்டில் எளிதில் சம்மதம் கிடைக்கவில்லை. கணவர் சிறிய எழுதுபொருள் கடை நடத்துகிறவர். மகள் பிளஸ் ஒன் வகுப்பில் இருந்தாள். மாமியாருக்கு எழுபத்து நான்கு வயது. பத்து ஆண்டுகளாக நீரிழிவு. "மகளுக்கு வரன் பார்க்க வேண்டிய காலம் வரப்போகிறது. இப்போது போய் உனக்குப் படிப்பா அம்மா?" என்று அந்த மூதாட்டி கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. படிப்போ முழுநேரப் படிப்பு. மருத்துவமனை நிர்வாகம் சனி, ஞாயிறு இரவுகளில் மட்டும் பணி தர இசைந்தது. சம்பளம் அதற்கேற்பச் சுருங்கியது. திருமாங்கல்யம் நீங்கலாக மற்ற நகைகள் வங்கியில் நகைக் கடனுக்கு ஈடாகச் சென்றன. தவணைத் தேதிகளைச் சமையலறை நாள்காட்டியில் ஏகாதசிக்கும் பிரதோஷத்துக்கும் பக்கத்திலேயே வட்டமிட்டு வைத்துக்கொண்டார்.

கல்லூரியில் பாடம் நடத்தியவர்களில் சிலர் அவரைவிட இளையவர்கள். வகுப்பறையில் அவர் எழுந்து நின்று "மேடம்" என்பார். வராந்தாவில் அதே ஆசிரியை அவரை "அக்கா" என்பார். முதலாண்டில் உணவியல், உயிர்வேதியியல், உளவியல், நுண்ணுயிரியல் எனப் பாடங்கள் வரிசையாக நின்றன. நுண்ணுயிரியல் வகுப்பில் ஒருநாள், கழுவாத விரலையும் சோப்பிட்டுக் கழுவிய விரலையும் இரு கண்ணாடித் தட்டுகளில் இருந்த ஊட்டக்கூழின் மேல் ஒற்றி எடுக்கச் சொன்னார்கள். ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால், கழுவாத விரல் பட்ட தட்டில் புள்ளிபுள்ளியாகக் கிருமிகள் பெருகியிருந்தன. கை கழுவுவது அவருக்குப் புதிதன்று. ஆனால் இருபது ஆண்டுகள் கேட்டுப் பழகிய ஒரு விதி அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் வந்த புள்ளியியல்தான் அவரை மிகவும் வாட்டியது. இரவு பத்து மணிக்கு மேல், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் தாய்க்கு ஆசிரியையாக அமர்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் அவருக்கு வீட்டில் காத்திருந்தது.

கல்லூரியில் சேர்வதற்கு முந்தைய மார்கழியில், வைகுண்ட ஏகாதசியன்று, பரமபத வாசல் சேவைக்கு ஸ்ரீரங்கம் சென்றிருந்த மாமியார் வரிசையிலேயே மயங்கி விழுந்தார். உடல் வியர்த்துக் கொட்டியிருந்தது, கைகள் நடுங்கின. நல்லவேளையாக, அருகிலிருந்தோர் தாங்கிப் பிடித்து மருத்துவ உதவி மையத்துக்குக் கொண்டுசென்றார்கள். ரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் தாழ்ந்திருந்தது. இரவுப் பணி முடித்து ஓடிவந்த மருமகள், பயம் கோபமாக மாற, "சர்க்கரை நோயோடு பட்டினி கிடக்கலாமா அத்தை? நான் ஒரு நர்ஸாக இருந்து என்ன பயன்?" என்று கடிந்துகொண்டார். மாமியார் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதன்பின் தாம் ஏகாதசி இருப்பதையே மருமகளிடமிருந்து மறைக்கத் தொடங்கினார். நைவேத்தியத்தை உண்டதாகச் சொல்லிவிட்டுப் பசுவுக்கு வைத்துவிடுவார்.

படிப்பின் இரண்டாம் ஆண்டில் சமூக நலச் செவிலியம் என்ற பாடம் வந்தது. வீடு வீடாகச் சென்று முதியவர்களைச் சந்திக்க வேண்டும். அறிவுரை சொல்லத் தொடங்குவதற்கு முன், அவர் என்ன செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்பதைக் கேட்டு அறிய வேண்டும் என்று ஆசிரியை வற்புறுத்தினார். ஊரார் வீடுகளில் அப்படிக் கேட்டுப் பழகிய பின்னர்தான் செவிலியருக்கு உறைத்தது: சொந்த வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லையே!

அடுத்த ஏகாதசிக்கு முந்தைய மாலை, மாமியாரின் அருகே அமர்ந்து மெல்லக் கேட்டார். "அத்தை, நாளைக்கு ஏகாதசி. விரதம் இருக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விரத நாளில் காலையில் மாத்திரையை என்ன செய்வீர்கள்?"

மூதாட்டி வியப்போடு பார்த்தார். "இதென்ன கேள்வி? தவறாமல் போட்டுக்கொள்வேன். என்ன ஆனாலும் மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடக் கூடாது என்று நீதானே சொன்னாய்?"

செவிலியருக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. வெறும் வயிற்றில் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் ஆபத்து என்பது அவர் அறியாத செய்தி அன்று. ஆனால் மாமியார் பெருமாளுக்காக உண்ணாமலும், மருமகளுக்காக மாத்திரையை விடாமலும் இருந்திருக்கிறார். இரண்டு கட்டளைகளையும் பிசகாமல் நிறைவேற்றியதால் வந்த மயக்கம் அது. தேய்க்கக் கூடாத இடத்தை அன்போடு தேய்த்த கை, இங்கே பாதி அறிவுரையை அன்போடு சொல்லியிருந்தது.

மறுநாள் விரதத்தை மாமியாரே ஒத்திவைத்தார். அந்த வாரமே இருவரும் மருத்துவரைப் பார்த்தார்கள். விரத நாளில் எந்த மாத்திரையை எந்த அளவில், எந்த வேளையில் எடுத்துக்கொள்வது என்று மருத்துவர் தனித் தாளில் எழுதிக்கொடுத்தார். பாலும் பழமும் உண்டு விரதம் இருப்பது என முடிவாயிற்று. வியர்வையோ, நடுக்கமோ, படபடப்போ தெரிந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட வேண்டும்; அதனால் விரதம் பழுதாகிவிடாது என்று மாமியாரே ஒப்புக்கொண்டார். நினைவிழந்தவரின் வாயில் மட்டும் எதையும் புகட்டக் கூடாது என்பதைப் பேத்தியும் கற்றுக்கொண்டாள். நீரிழிவுடன் விரதம் காக்கும் பெரியோர் எவராயினும், மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். வெறும் வயிற்றில் வழக்கம்போல் விழுங்கவும் வேண்டாம். முன்கூட்டியே தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் விரதத்தின் ஓர் அங்கமே.

அன்றுமுதல் அந்த வீட்டில் விரதம் ஒளிவுமறைவின்றி நடந்தது. தேர்வுக் காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு மருமகள் படிக்க எழுந்தால், அதற்கு முன்பே எழுந்து டிகாக்ஷன் இறக்கி வைத்திருந்தவர், "இப்போது போய் உனக்குப் படிப்பா?" என்று கேட்ட அதே மாமியார்தான்.

தேர்வு முடிவு வந்த வாரம், குடும்பத்தோடு மலைக்கோட்டைக்குச் சென்றார்கள். மூதாட்டியால் படியேற முடியாது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகரை வணங்கிவிட்டு, அங்கேயே ஓரமாக அமர்ந்துகொண்டார். மற்றவர்கள் மேலே சென்று தாயுமானவருக்கு வாழைத்தார் சமர்ப்பித்து அர்ச்சனை செய்தார்கள். சந்நிதியில் செவிலியர் வெகுநேரம் கண்மூடி நின்றார். தாயாக வந்த பெருமானிடம் பதவி உயர்வு வேண்டினாரா, தேய்த்த முதுகுகளுக்காக மன்னிப்பு வேண்டினாரா என்பது அவருக்கும் அவனுக்குமே தெரியும்.

கீழே இறங்கி வந்தபோது, மாமியார் தனியாக இல்லை. பக்கத்தில் அவர் வயதையொத்த ஒரு பெண்மணி, தலை சுற்றுகிறது என்று தூணில் சாய்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார்: "பயப்படாதீர்கள் அம்மா, என் மருமகள் இதோ வந்துவிட்டாள். அதற்குள் சொல்லுங்கள். காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா? என்ன மாத்திரை போட்டீர்கள்?"