இடது தோளில் ஒரு தழும்பு

பெங்களூர் பல்லாரி சாலை பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் இடது தோளைக் கவனிப்பது எனக்கு வழக்கம். சட்டைக்கை ஏறினால் தெரியும், காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட சின்னக் குழி. என் அத்தைக்கு அதோடு அம்மை குத்திய பெரிய வட்டமும் உண்டு. இரண்டையும் தடவிப் பார்த்தபடி கதை கேட்டு வளர்ந்தவன் நான்.

அந்தச் சாலையில்தான் 1959-இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனம் இருக்கிறது. அங்கே பிறந்த ஓர் ஆய்வின்மேல் எனக்குத் தனிப் பிரியம். தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் 1963-இல் வெளியிட்டது. காசநோயாளிக்குத் தன் நோய் தெரியாது, எக்ஸ்ரே வண்டியோடு நாம்தான் தேடிப் போக வேண்டும் என்று பலரும் நம்பிய காலம். தும்கூர் மாவட்டத்து நோயாளிகளிடம் இவர்கள் உட்கார்ந்து விசாரித்தார்கள். பெரும்பாலோருக்கு இருமலும் காய்ச்சலும் நன்றாகவே தெரிந்திருந்தன. ஏறக்குறைய பாதிப்பேர் ஏற்கெனவே வைத்தியத்துக்குப் போயும் இருந்தார்கள். ஒரு பாட்டில் இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். நோயாளி சொல்லிவிட்டார்; கேட்கத்தான் காது இல்லை. சாதாரண ஆஸ்பத்திரியிலேயே சளிப் பரிசோதனை என்று நம் காசநோய்த் திட்டம் அமைந்ததில் இந்த ஆய்வுக்குப் பங்குண்டு.

அந்தத் தழும்புக்கு அடியில் நடந்ததும் சொல்வதும் கேட்பதும்தான். பி.சி.ஜி. கிருமியை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல், இன்டர்லூக்கின்-12 என்ற சைட்டோகைனை, அதாவது செல்கள் அனுப்பும் சேதியை, வெளியே விடுகிறது. நோயெதிர்ப்புப் படையின் இன்னொரு செல்லான டி செல்லின் மேலுள்ள ஏற்பி அதைப் பிடித்ததும், டி செல் இன்டர்ஃபெரான் காமா என்ற பதில் சேதியைச் சுரக்கிறது. அதைப் பிடிக்க மேக்ரோஃபேஜிடம் வேறோர் ஏற்பி. பிடித்த பிறகே விழுங்கியதைக் கொல்லும் வலு வருகிறது. இந்த இரண்டாவது ஏற்பி இல்லாத மால்ட்டா, துனிசியக் குழந்தைகளைப் பற்றி 1996-இல் ஆய்வுகள் வெளியாயின. துனிசியக் குழந்தையின் உயிரைக் குடித்தது தடுப்பூசிக் கிருமியே. இன்டர்லூக்கின்-12 ஏற்பி இல்லாத குழந்தைக்கு இன்டர்ஃபெரான் காமாவை ஊசியாகக் கொடுத்தால் பலன் உண்டு. காமாவின் ஏற்பியே அடியோடு இல்லையென்றால் எவ்வளவு கொடுத்தாலும் வீண். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைவிடக் கொடிய குறை ஒன்று உண்டு. ஆறு சைட்டோகைன்களின் ஏற்பிகளுக்கும் பொதுவாக ஒரு புரதம் இருக்கிறது. அது பழுதானால், இன்டர்லூக்கின்-7 வந்து தட்டியும் தைமஸ் சுரப்பியில் டி செல்லே வளராது. அந்தப் புரதத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் நலமாகவே இருப்பாள். ஆண் பிள்ளைக்குத்தான் ஆபத்து; டி செல் இல்லாத அவனுக்குத் தடுப்பூசிக் கிருமியே எமனாகலாம்.

நம் நாட்டில் குழந்தை பிறந்ததுமே பி.சி.ஜி. போட்டுவிடுகிறார்கள். காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்து எத்தனையோ பிஞ்சுகளைக் காக்கும் ஊசி, போடத்தான் வேண்டும். போடுமுன் தாயிடம் ஒன்று கேட்டுவிடலாம்: "உங்க அம்மா வீட்டுப் பக்கம், கைக்குழந்தையிலேயே தொற்று வந்து தவறிப்போன பிள்ளை உண்டாம்மா? ஆண் பிள்ளை யாராவது?" உண்டு என்றால், ரத்தத்தில் டி செல்களை எண்ணிப் பார்க்கும்வரை ஊசி காத்திருக்கட்டும். பெங்களூர்ப் பிரசவ வார்டுகளில் இதைக் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளிடம் பழைய துக்கத்தைக் கிளறுவானேன் என்று நர்ஸம்மாக்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கேளுங்கள் என்றே கெஞ்சுகிறேன்.